குழாய் அறிந்ததும் குப்பம் அறிந்ததும்

மூலக்கொத்தளத்துக்கு யாரும் ஊர் பார்க்கப் போவதில்லை. பழைய வண்ணாரப்பேட்டைக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் இடையில், ரயில் பாதைகளும் பக்கிங்காம் கால்வாயும் நெருக்கிப் பிடித்திருக்கும் இந்தப் பகுதிக்கு வடசென்னைக்காரர்களே சுடுகாட்டை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். எண்ணூர் வரை போவதென்று கிளம்பிய நான் இங்கிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. 1760-களின் கடைசியில் ஹைதர் அலியின் படை சென்னையின் வாசல் வரை வந்து மிரட்டிவிட்டுப் போனது. அந்தப் பயத்தில் கும்பினியார் கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் பால் பென்ஃபீல்டு. மதிலின் மூலையில் நின்ற கொத்தளம் போய்விட்டது, ஊர்ப்பெயர் நின்றுவிட்டது. மதில் பராமரிப்புக்கு வரி போட நினைத்ததன் நினைவு வால்டாக்ஸ் ரோட்டில் இருக்கிறது. ராயபுரம் மாடிப் பூங்காவில் மதிலின் ஒரு துண்டை இன்றும் பார்க்கலாம்.

கொத்தளத்தில் நின்ற சிப்பாய்க்குச் சுடுவது இரண்டாவது வேலை. தூரத்தில் கிளம்பும் புழுதியை முதலில் பார்த்து உள்ளே சொல்வதுதான் முதல் வேலை. பார்த்தவனே சொன்னான், சொன்னவனிடமே திரும்பக் கேட்கவும் முடிந்தது. இன்றைக்கு இந்தக் கரையோரத்துத் துறைமுகங்கள், சுத்திகரிப்பு ஆலைகள், உரத் தொழிற்சாலைகள், ரயில் யார்டுகள் எல்லாவற்றிலும் பார்க்கிற வேலையை சென்சார்கள் செய்கின்றன. அழுத்தம், வெப்பம், அதிர்வு, வாயு அளவு என நொடிக்கு நொடி எண்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. அவை யாரிடம் போகின்றன, போகிற இடத்தில் யாருக்கு என்ன தெரிகிறது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

வடக்கே போவது பழைய உப்பு வழியில் எதிர்த்திசையில் போவது. பேசில் காக்ரேன் 1806-ல் எண்ணூர் வரை வெட்டிய கால்வாய்தான் பிறகு நீண்டு பக்கிங்காம் கால்வாய் ஆனது. எண்ணூர்ப் பக்கத்து அளங்களின் உப்பு படகேறி இங்கே வந்து இறங்கியது. அருகிலுள்ள சால்ட் கோட்டர்ஸ் சரக்கு யார்டின் பெயரில் அந்த உப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போதைய கால்வாய்த் தண்ணீரைப் பற்றி எதுவும் எழுதாமல் விடுவது மரியாதை.

சுடுகாட்டுக்குள் நடராசன், தாளமுத்து இருவரின் கல்லறைகளும் இருக்கின்றன. முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று 1939-ன் தொடக்க மாதங்களில் அடுத்தடுத்து இறந்தவர்கள். எழும்பூரில் சி.எம்.டி.ஏ. இயங்கும் கட்டடத்துக்குத் தாளமுத்து–நடராசன் மாளிகை என்று பெயர். நகரத்தின் வரைபடங்களையும் நிலப் பயன்பாட்டு விவரங்களையும் வைத்திருக்கும் அலுவலகம் அது. பெயர் கொடுத்த இருவரிடம் போக வழி வேண்டுமென்றால் இங்கே வாசலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவரைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"நேராப் போ நைனா. வேப்பமரம் வரும். அத்தாண்ட சோத்தாங்கை பக்கம் திரும்பு."

பேசிக்கொண்டே கூட நடந்து வந்தார். யார் எந்த வரிசையில் இருக்கிறார்கள், எந்தக் குடும்பத்துக்காரர்கள் வருஷா வருஷம் வருகிறார்கள், எங்கே தோண்டினால் மழைக்காலத்தில் தண்ணீர் ஊறும் என்று அவர் சொல்லிக்கொண்டு போனதில் எதுவும் காகிதத்தில் இல்லை. "எழுதுறது ஆபீசுக்கு. இடம் இங்க இருக்குது" என்று நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார். அவருக்குப் பிறகு யார் என்று கேட்டேன். மகன் டெலிவரி வேலைக்குப் போகிறானாம்.

மேலாண்மைக் கல்லூரிகளில் 'அறிவு மேலாண்மை' என்று பாடமாக நடத்துவது இந்தப் பெரியவரின் பிரச்சினையைத்தான். ஆள் போனால் அறிவும் போய்விடும். போவதற்குள் அதை எப்படி நிறுவனத்தின் சொத்தாக்குவது? 1990-களில் அதற்குச் சொன்ன வழி எழுதி வைப்பது, பேசி வைப்பது, தரவுத்தளத்தில் போட்டு வைப்பது. இப்போது சொல்கிற வழி வேறு. ஆளைக் கேட்கவே வேண்டாம், இயந்திரத்தையே பேச வைத்துவிடலாம் என்கிறார்கள். 1999-ல் கெவின் ஆஷ்டன் 'இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்' என்று பெயர் வைத்தபோது அவர் சொல்ல வந்ததும் ஏறக்குறைய அதுதான்: மனிதர்கள் தட்டச்சு செய்து தருகிற விவரத்தை நம்பிக் கணினி காத்திருக்க வேண்டாம், பொருள்களே தங்கள் நிலையைச் சொல்லட்டும்.

பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் ஏறி நின்றால் கீழே அந்தப் புதிய வழியின் நியாயம் புரிகிறது. சென்ட்ரலுக்கு வந்து போகும் பெட்டிகளைக் கழுவிச் சரிபார்க்கும் பணிமனை இது. ஒரு ரயில் மெதுவாக உள்ளே வரும்போது இரு பக்கமும் ஊழியர்கள் குனிந்து சக்கரங்களைக் கவனிப்பார்கள். ரோலிங்-இன் பரிசோதனை என்பார்கள். நீராவி எஞ்சின் காலத்தில் நீளக் காம்பு போட்ட சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்கள். கணீரென்றால் போகலாம், மொத்தென்றால் விரிசல். ஆக்சில் பாக்ஸ் மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார்கள். புறங்கைக்குப் பதிலாக இப்போது துப்பாக்கி மாதிரி ஓர் அகச்சிவப்பு வெப்பமானி.

அதற்கு அடுத்த கட்டம் தண்டவாளத்திலேயே இருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யும் ரயில்வேயின் ஆராய்ச்சிப் பிரிவான ஆர்.டி.எஸ்.ஓ.வும் சேர்ந்து உருவாக்கிய 'வைல்டு' என்ற அமைப்பு, ஓடுகிற சக்கரம் தண்டவாளத்தை எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று அளக்கிறது. சக்கரத்தின் விளிம்பு ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்திருந்தால் அடி கூடும். பாதையோரம் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, வேகமாகப் போகும் வண்டியின் பேரிங் சத்தத்தைப் பிரித்துக் கேட்கும் அமைப்பும் வந்திருக்கிறது. வேகனில் ஒட்டிய ஆர்.எஃப்.ஐ.டி. வில்லை அது எந்த வேகன் என்று சொல்லிவிடும். நாட்டில் ஏறக்குறைய 3 லட்சம் சரக்கு வேகன்கள் ஓடுகின்றன. ஒரே பேரிங்கை இந்த மாதம் ஓரிடத்தில், அடுத்த மாதம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இன்னோர் இடத்தில் கேட்டு, இரண்டு சத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சுத்தியல்காரரால் ஒருநாளும் முடிந்திருக்காது. தன் முன்னால் நிற்கும் சக்கரத்தின் இன்றைய குரல் மட்டும்தான் அவருக்குத் தெரியும், அதன் கதை தெரியாது. இதில் கருவிக்குத்தான் என் ஓட்டு. பழைய காது எவ்வளவு கூர்மை என்று உருகுகிறவர்கள் அந்தக் காது எத்தனை விரிசலைத் தவறவிட்டது என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால் வரிசையோரம் நடந்து போன ஆள் சக்கரத்தை மட்டும் பார்க்கவில்லை. தொங்கிக்கொண்டிருக்கும் பிரேக் கட்டை, சிக்கிக்கொண்ட கயிறு, ஜல்லி உள்வாங்கிய இடம் என்று யாரும் பார்க்கச் சொல்லாததையும் பார்த்தார். கருவி தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். ஷோஷானா ஜூபாஃப் 1988-ல் 'இன் தி ஏஜ் ஆஃப் தி ஸ்மார்ட் மெஷின்' என்ற புத்தகத்தில் அமெரிக்கக் காகித ஆலைகளில் நடந்த இப்படியொரு மாற்றத்தை எழுதினார். கூழைக் கையால் தொட்டு, வாசனை பார்த்து வேலை செய்தவர்களைக் கண்ணாடி அறைக்குள் திரை முன்னால் உட்கார வைத்தபோது அவர்கள் தடுமாறினார்கள். ஆனால் பழமையின் இழப்பைப் பாடுவது அந்தப் புத்தகத்தின் நோக்கம் அல்ல. திரையில் வரும் விவரத்தைத் தொழிலாளிக்கும் கொடுத்துப் புரியவைத்தால் அவர் முன்பைவிட அதிகம் அறிந்தவராவார், முதலாளி மட்டும் வைத்துக்கொண்டால் அது கண்காணிப்பாகிவிடும் என்பது அவர் வாதம். இந்தக் கவலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் நான் ராயபுரம் பக்கம் நடந்தேன்.

ராயபுரம் ரயில் நிலையத்தில் நிற்கவில்லை. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய இடம். அதைப் பற்றி எழுதாதவர்கள் குறைவு.

துறைமுகத்துக்கு வெளியே எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வழக்கம்போல வாலும் தலையுமாக நின்றன. டிரெய்லரில் இருக்கும் கன்டெய்னர் எங்கே இருக்கிறது என்று இப்போது எவரும் இணையத்தில் பார்க்கலாம். ஏற்றுமதி இறக்குமதிப் பெட்டிகளுக்கு ஆர்.எஃப்.ஐ.டி. வில்லை மாட்டி, துறைமுக வாயிலிலும் சுங்கச்சாவடியிலும் படித்துக்கொண்டு போகும் 'லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க்' திட்டம் 2016-ல் நவி மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கிப் பிறகு இந்தக் கரைக்கும் வந்தது. பெட்டி துறைமுகத்தில் எத்தனை மணி நேரம் கிடந்தது, எந்த வழியில் போனது என்று மாதக் கணக்கில் கூட்டிப் பார்த்துத் தாமதம் எங்கே என்று சொல்கிறார்கள். சரக்கு அனுப்புகிறவர்களுக்கு இது பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை.

கேபினின் நிழலில் கீழே உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சங்ககிரிக்காரர் ஒருவர் என் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார்.

"பெட்டி எங்க நிக்குதுன்னு டெல்லிக்காரருக்கே தெரியுமுங்க. கேட் எப்பத் தொறக்கும்னு எங்க குரூப்புலதானுங்க தெரியும்."

வாட்ஸப் குழுவைக் காட்டினார். எழுத்து குறைவு, குரல் பதிவுகள் அதிகம். எந்த வாயிலில் ஸ்கேனர் நின்றுவிட்டது, எந்த யார்டில் காலிப் பெட்டி வாங்க மறுக்கிறார்கள், காசிமேடு சிக்னலில் எத்தனை மணிக்குப் பிடிக்கிறார்கள். ஜெராக்ஸ் கம்பெனியின் பழுதுபார்ப்பவர்களோடு சுற்றி ஆராய்ந்த ஜூலியன் ஓர் என்பவர் 1996-ல் ஒரு புத்தகம் எழுதினார். கம்பெனி கொடுத்த கையேட்டைவிட, காலைச் சிற்றுண்டி மேசையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளை வைத்துத்தான் அவர்கள் நகலெடுக்கும் இயந்திரங்களைச் சரிசெய்தார்கள் என்று கண்டுபிடித்தார். ஜெராக்ஸ் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. பழுதுபார்ப்பவர்களே குறிப்பு எழுத, சக ஊழியர்களே சரிபார்க்க, 'யுரேக்கா' என்ற தரவுத்தளத்தைத் தொடங்கியது. குறிப்பு எழுதியவரின் பெயரும் அதோடு இருந்தது. சங்ககிரிக்காரரின் குழுவை எந்தத் துறைமுகமும் தன் தரவுத்தளமாக நினைக்கவில்லை. அவர் துறைமுகத்தின் ஊழியர் இல்லையே. ஒப்பந்தக்காரரின் ஒப்பந்தக்காரரிடம் ஓட்டுபவர்.

காசிமேட்டில் கொஞ்ச நேரம். தமிழ்நாட்டு விசைப்படகுகளில் ஏறத்தாழ 5,000 படகுகளுக்கு இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழி பேசும் டிரான்ஸ்பாண்டர் கொடுத்திருக்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன் கூடக்கூடிய இடத்தைச் சொல்கிறது. இங்கே எனக்குப் பிடித்தது, தகவல் இரண்டு பக்கமும் போகிறது என்பது. புயல் எச்சரிக்கை படகுக்கு வரும். படகும் ஆபத்தென்று அழைக்கலாம். ஆனாலும் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், வாடை அடித்தால் ஒரு கணக்கு, கச்சான் அடித்தால் வேறு கணக்கு என்று காற்றின் பெயரிலிருந்துதான் பேச்சைத் தொடங்கினார்கள். செயற்கைக்கோளை அதற்கு மேல் ஒரு சாட்சியாக வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் யாரை நம்புவீர்கள் என்று கேட்டேன். "டீசல் வெலய" என்றார் ஒருவர்.

தண்டையார்பேட்டைக்குள் நுழையும்போது 2013 நினைவுக்கு வந்தது. அந்த வருஷம் இங்கே சில தெருக்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. வாளியில் பிடித்தால் டீசல் நாற்றம். துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டை சேமிப்புக் கிடங்குக்கு மண்ணுக்கடியில் வரும் பாரத் பெட்ரோலியத்தின் பழைய குழாயில் கசிவு என்று பிறகு தெரிந்து, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

எண்ணெய்க் குழாய்களை 'ஸ்காடா' என்ற அமைப்பால் கண்காணிப்பது உலகெங்கும் வழக்கம். இந்த முனையில் எவ்வளவு உள்ளே போனது, அந்த முனையில் எவ்வளவு வெளியே வந்தது, நடுவே அழுத்தம் எப்படி என்று தூரத்திலிருந்தே பார்க்கலாம். பெரிய உடைப்பை நிமிடங்களில் காட்டிவிடும். கஷ்டம் சின்னக் கசிவில். வெப்பத்தில் எண்ணெய் விரியும், குளிரில் சுருங்கும்; அளவிகளுக்கே நூற்றில் ஒரு பங்குக்கு அருகில் பிழை இருக்கலாம். அந்தப் பிழைக்குள் ஒளிந்துகொள்ளும் கசிவு திரையில் வராது. ஆனால் நாள்கணக்கில், மாதக்கணக்கில் மண்ணில் இறங்கி யாராவது ஒருவர் வீட்டுக் கிணற்றில் வரும். அந்த வீட்டுக்காரரின் மூக்கு கம்பெனியின் எந்தத் திரையோடும் இணைக்கப்படவில்லை. அவர் மனு எழுத வேண்டும், மனு நடக்க வேண்டும், மனுவை ஒருவர் நம்ப வேண்டும். குழாய் சொல்வது நொடியில் போய்ச் சேர்கிறது, குடித்தனக்காரர் சொல்வது தபாலில் போகிறது.

திருவொற்றியூர் கோயில் தெருவில் ஓர் ஓய்வுபெற்ற பாய்லர் ஆபரேட்டரைச் சந்திக்க நண்பர் ஏற்பாடு செய்திருந்தார். இந்த ஊரில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார்: கார்போரண்டம், என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., விம்கோ தீப்பெட்டி, எண்ணூரில் அசோக் லேலண்டு, அனல் மின் நிலையம் என்று ஒரு தலைமுறையே சங்கு ஊதினால் எழுந்து போன ஊர். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 வாக்கில் ஓடத் தொடங்கி 2017-ல் நிறுத்தப்பட்டது. அசோக் லேலண்டு லாரிகள் இப்போது 'ஐ-அலர்ட்' வழியாகத் தங்கள் எஞ்சின் நிலையைத் தாங்களே கம்பெனிக்குச் சொல்கின்றன. முன்பு அதை மெக்கானிக் போனில் சொல்வார்.

பெரியவர் எந்த ஆலை என்று எழுத வேண்டாம் என்றார்.

"தம்பி, பம்ப்பு கெடுறதுக்கு ரெண்டு நாள் முந்தியே குரல் மாறும். இப்ப அதுல வைப்ரேஷன் மீட்டர் வெச்சிருக்காங்க. அது நாலு நாள் முந்தியே சொல்லுது. நல்லதுதான். ஆனா ஏன் கெடுதுன்னு அது சொல்லாது. போன தபா டேங்க் கழுவும்போது எந்த வால்வ எவன் பாதி தொறந்து வுட்டான்னு மீட்டருக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரிந்தது எப்படி? ஷிப்ட் மாறும்போது. லாக் புக்கில் எண்களை எழுதிவிட்டு, போகிறவரும் வருகிறவரும் டீ குடிப்பார்கள். எழுத முடியாததெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் கைமாறும்: மேலதிகாரிக்குத் தெரியக் கூடாத குறுக்கு வழி, பொய் சொல்லும் அளவி, கோபம் வந்தால் கதவை அறைகிற இயந்திரம். இப்போது எண்கள் தாமே பதிவாவதால் லாக் புக் எழுத வேண்டியதில்லை. எழுத வேண்டாதபோது நின்று பேசவும் காரணமில்லை. அதைவிடப் பெரிய மாற்றம், பேச ஆளும் இல்லை. நிரந்தரத் தொழிலாளிகள் ஓய்வு பெற்ற இடங்களில் ஒப்பந்தத் தொழிலாளிகள் வந்தார்கள்; ஒப்பந்தம் மாறினால் முகமும் மாறும். ஆலையின் நினைவைச் சுமந்தவர்களை வெளியே அனுப்பிய அதே ஆண்டுகளில்தான் ஆலைக்குள் சென்சார்களும் வந்தன. இரண்டும் சேர்ந்து வந்ததால், ஒன்றினால் ஏற்பட்ட மறதியை இன்னொன்றின் வெளிச்சம் மறைத்துவிட்டது. பெருந்தரவைப் பற்றி நான் கேட்ட மேடைப் பேச்சுகளில் மஸ்டர் ரோல் பற்றி யாரும் பேசியதில்லை.

எண்கள் அதிகமானால் தெளிவு அதிகமாகும் என்பதும் உறுதியில்லை. 1994 ஜூலையில் வேல்ஸ் நாட்டு மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நடந்தது. அதற்கு முந்தைய பதினொரு நிமிடத்துக்குள் இரண்டு ஆபரேட்டர்களின் முன்னால் 275 அலாரங்கள் ஒலித்தன. எதைப் பார்ப்பது? பெரியவரிடம் இதைச் சொன்னதும், "வூட்ல பத்துப் புள்ள ஒண்ணா அழுதா தாய் எதுக்குப் பால் குடுப்பா?" என்றார்.

எண்ணூரில் இறங்கும்போது மாலை. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள், அவற்றின் நடுவே படகுகள், அதற்கு இந்தப் பக்கம் சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் ஆலைகள். பெரியகுப்பம் இந்த இடைவெளியில் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு, சுனாமி வந்து பத்தொன்பது வருஷம் நிறைந்த அன்று, இங்கே மக்கள் மறுபடி உறக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா இறக்கக் கடலுக்கடியில் ஒரு குழாய் போகிறது. கப்பல் வருமுன் அதைக் குளிர்விக்கும்போது கரைக்கு மிக அருகில் கசிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

நிறுவனத்தின் அறிக்கை இரவு 11.30-க்குக் குழாயில் மாறுதல் தெரிந்தது என்றது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் குறிப்பு, நள்ளிரவு 12.45-க்கு அழுத்தம் குறைந்ததாகவும் கடும் நெடி பரவியதாகவும் சொன்னது. வாரியம் அளந்தபோது ஆலை வாசலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா; இருக்க வேண்டிய அளவு 400-க்குள். கடல் நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம். 5-ஐத் தாண்டக் கூடாது. மூன்று வாரத்துக்கு முன் வந்த மிக்ஜாம் புயலில் நகர்ந்த பாறைகள் குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று விசாரணைக் குழு கருதியது. புயலில் பாறைகள் நகர்ந்ததைக் கரையில் இருந்தவர்கள் பார்க்காமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அவர்களுடைய படகு நிற்கும் இடம் அது.

அதே டிசம்பரில், மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்ததையும் முதலில் சொன்னவர்கள் மீனவர்கள்தான். தங்களிடம் கசிவு இல்லை என்று மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் சி.பி.சி.எல். நிறுவனம் ஆரம்பத்தில் மறுத்தது. கையிலும் படகிலும் அப்பியிருந்த எண்ணெயைக் காட்டித்தான் அவர்கள் பேச வேண்டியிருந்தது.

இங்கே கருவிகளுக்குக் குறைவில்லை. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியிலும் கழிவுநீர் வாயிலிலும் இடைவிடாது அளக்கும் கருவிகளைப் பொருத்தி, எண்களை நேரடியாக அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் உத்தரவிட்டது. தமிழ்நாட்டு வாரியத்தின் கிண்டி அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. எண்ணூர்ப் புகைபோக்கி என்ன விடுகிறது என்று கிண்டிக்கும் டெல்லிக்கும் தெரியும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு இந்த எண்களை வாங்கி ஆராய்ந்த அமைப்புகள் உண்டு. தெருவில் இருப்பவருக்கு அந்த எண் அதே நொடியில், அவருக்குப் புரிகிற மொழியில் வருவதில்லை. ஆலை வாசலில் சிவப்பு எழுத்துப் பலகை இருக்கிறது, உண்மைதான். வேதிப்பெயர்களின் ஆங்கிலச் சுருக்கங்கள், பக்கத்தில் எண்கள். அது நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று பலகை சொல்வதில்லை.

மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் அந்தப் பலகை இல்லாமலே சொன்னார். கண்ணைக் கரிக்கிறதென்றால் ஒன்று, தொண்டையில் கந்தகம் மாதிரி அடைத்தால் இன்னொன்று, விடிகாலையில் கேஸ் நாற்றமென்றால் மணலிப் பக்கத்துக் காற்று. இது வெறும் புலம்பல் என்று ஒதுக்க முடியாத தகவல். கடலூர் சிப்காட் அருகேயுள்ள கிராம மக்கள் 2000-களின் தொடக்கத்தில் இதையே முறைப்படி செய்தார்கள். எந்த நேரம், எந்தக் காற்று, எந்த மாதிரி நாற்றம், எந்த ஆலைப் பக்கம், உடம்புக்கு என்ன செய்தது என்று பதிவேட்டில் எழுதினார்கள். வாளிக்குள் பை வைத்த எளிய கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2004-ல் அறிக்கை வெளியிட்டார்கள். ஆய்வக முடிவு நாற்றத்தின் பெயரைச் சொன்னது. எந்த நேரம் எங்கே போய்ப் பிடிக்க வேண்டும் என்பதை மக்களின் பதிவேடுதான் சொன்னது. எந்தத் தரவு நிறுவனமும் விலை கொடுத்து வாங்க ஆசைப்படக்கூடிய இணைப்பு அது. எண்ணூரின் சென்சார்களுக்குப் பக்கத்தில் இப்படியொரு பதிவேட்டை வாரியமே திறந்து வைத்தால் என்ன செலவாகிவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

அம்மோனியாக் கசிவுக்குப் பிறகு வாரியம் 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்தது. பழைய குழாயை மாற்றிவிட்டுத் தொலைவிலிருந்தே கண்காணிக்கும் சென்சார்களோடு புதுக் குழாய் போட வேண்டும், அம்மோனியா அளவிகளோடு அலாரம் வைக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. டீக்கடையில் இதைச் சொன்னதும் பெஞ்சு இரண்டாகப் பிரிந்தது.

"அலாரம் எங்க அடிக்கும்? கம்பெனி உள்ளயா, எங்க தெருவுலயா?" என்றார் அக்கா.

செல்லுக்கு மெசேஜ் வந்தால் போதும் என்றான் ஒரு கல்லூரிப் பையன். ராத்திரி செல்லை யார் பார்க்கிறார்கள், ஆம்பளைங்க கடலில், கிழவிங்களுக்கு செல்லே கிடையாது என்றார் அக்கா. கோயில் ஸ்பீக்கரில் கட்டிவிடலாம், ஊருக்கே கேட்கும் என்று கடைக்காரர் சொன்னது எல்லோருக்கும் பிடித்திருந்தது. அப்படியானால் ஆம்ப்ளிபயர் அறையின் சாவி ராத்திரி யாரிடம் இருக்கும் என்று ஒருவர் கேட்டார். போன ஆடித் திருவிழாவிலிருந்து சாவி யாரிடம் என்பதில் இரண்டு கருத்து இருந்தது. நான் டீக்குக் காசு கொடுத்தபோது அதைக் கண்டுபிடிக்க ஒருவன் சைக்கிளில் கிளம்பிக்கொண்டிருந்தான்.